சிராயா, துண்டா, கட்டையா: கறிக்குப் புகையிட விறகின் பருமனும் எடையும்

திருநெல்வேலிச் சீமையில் கறியைப் புகையிட்டு வேகவைக்க நினைப்பவருக்கு விறகுப் பஞ்சம் கிடையாது. நாங்குநேரியைத் தாண்டி வள்ளியூர் போகும் வழியெல்லாம் சீமைக்கருவை நிற்கிறது. செம்மணல் தேரிக்காட்டு ஓரங்களில் உடைமரமும் முந்திரியும் உண்டு. தாமிரபரணிப் பாசனத் தோட்டங்களில் கவாத்து செய்த மாவும் கொய்யாவும் வரப்போரம் கிடக்கின்றன. எந்த மரம் என்ற கேள்விக்கு ஓரளவு விடை தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவது, அதை எந்தப் பருமனில் வெட்டுவது, எவ்வளவு போடுவது என்ற இடத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஹிக்கரி, ஓக், ஆப்பிள் மரங்களையும், ஐந்தாறு கிலோ எடையுள்ள மாட்டு நெஞ்சுக்கறியையும் பன்றித் தோள்பட்டையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. “கைமுட்டி அளவில் நான்கைந்து துண்டு” என்று அவை சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டு கிலோ வெள்ளாட்டுத் தொடைக்கு அத்தனையும் கருவையாகப் போட்டால், தின்பவர் நாக்கில் கசப்பும் மரமரப்பும்தான் மிஞ்சும்.

இங்கே ஒப்பிடப்படுவது சூட்டுப் புகைக்கான விறகு மட்டுமே. அதாவது அடுப்பின் உட்புறம் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை இருக்க, கறி நேரடித் தணலில் படாமல், மூடிய இடத்துக்குள் மெல்ல வேகும் முறை. இதற்கு நம் பக்கம் மூன்று வகை அடுப்புகள் புழங்குகின்றன. ஒன்று, மூடியுள்ள உருண்டை அடுப்பு. 1952இல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் நீர் மிதவைக்கான இரும்புக் கூட்டை வெட்டிச் செய்த அடுப்பின் வழிவந்தது. இரண்டாவது, வெல்டிங் பட்டறையில் கொடுத்து அடியில் காற்றுத் துளையும் மேலே கம்பித் தட்டும் வைத்து வாங்கிக்கொள்ளும் 200 லிட்டர் டிரம். மூன்றாவது, கறி வேகும் பெட்டிக்குப் பக்கவாட்டில் தனி நெருப்பறை ஒட்டிய பக்க அடுப்பு. முதல் இரண்டிலும் சூட்டைக் கொடுப்பது கரி. விறகு புகைக்காக மட்டும் சேர்கிறது. மூன்றாவதில் சூடும் புகையும் ஒரே விறகிலிருந்து வருகின்றன. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்ட அளவுக் குறிப்பு எதையும் நம்பக் கூடாது.

சிராயும் துண்டும்

மரம் தீப்பிடித்து எரிவதற்கு முன்பே சூட்டில் சிதைகிறது. 100 டிகிரி வரை ஈரம் போகும். 200 டிகிரியைத் தாண்டும்போது மரத்தின் நார்ப்பொருள்களில் ஒன்றான ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும். அதைத் தொடர்ந்து செல்லுலோஸ் உடையும். இவை இரண்டும் வெளிவிடும் அமிலங்களும் கார்போனைல் சேர்மங்களுமே கறியின் மேற்பரப்புக்குச் செம்பழுப்பு நிறத்தையும் இலேசான புளிப்பையும் கொடுக்கின்றன. அந்த நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல் உடைந்து குவாயகால், சிரிங்கால் முதலிய பீனால்களைத் தரும். புகைக்கறி என்றவுடன் மூக்கு அடையாளம் கண்டுகொள்ளும் மணம் அவற்றுடையது. இந்த வாயுக்கள் அடுப்பை விட்டு மேலேறும் முன்பே தீப்பிடித்துவிட்டால் சூடு கூடும், மணம் குறையும். காற்றுப் போதாமல் அமுங்கிப் புகைந்தால், அரைகுறையாக எரிந்த தாரும் கரித்துகளும் கறியில் படிந்து கசக்கும். இந்த இரு கேடுகளுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான பாதையில் நெருப்பை நடத்துவதே புகையிடுபவரின் வேலை. விறகின் பருமன் அந்த வேலையை எளிதாக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். பக்கத்துக்குப் பத்து செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கட்டையை எடுத்துக்கொள்வோம். நன்கு காய்ந்த கருவையாக இருந்தால் அது ஏறத்தாழ 800 கிராம் இருக்கும். மேற்பரப்பு 600 சதுர செ.மீ. அதை ஐந்து செ.மீ. துண்டுகள் எட்டாக அறுத்தால் மேற்பரப்பு 1,200 ஆகிறது. இரண்டரை செ.மீ. துண்டுகளாக 64 ஆக்கினால் 2,400. அரை செ.மீ. கனமுள்ள பொடித் துண்டுகளாகச் சிதைத்தால் 12,000. மரத்தின் எடை மாறவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் சூட்டைச் சந்திக்கும் பரப்பு இருபது மடங்கு ஆகிவிட்டது. ஆகவே எவ்வளவு விறகு என்ற கேள்வியைப் பருமனிலிருந்து பிரித்துக் கேட்பதில் பொருளில்லை. எடை மொத்தப் புகையைத் தீர்மானிக்கிறது. பருமன் அது எவ்வளவு வேகத்தில் வெளிவரும் என்பதைத் தீர்மானிக்கிறது. கறிக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் மொத்தத்தைவிட வேகம்தான்.

சிராய் என்று நான் சொல்வது, தச்சுப்பட்டறையிலும் கோடாலியடியிலும் சிதறும் மெல்லிய சில்லுகளையும், கடையில் பொட்டலமாக வரும் விரல்நக அகலச் சில்லுகளையும். தணல் மேல் போட்ட ஓரிரு நிமிடத்தில் அது வெள்ளையாகக் குபுகுபுவெனப் புகையும். காற்றுக் கொஞ்சம் கூடினால் தீப்பிடித்துவிடும். பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் சாம்பல். பார்ப்பவருக்கு ஏதோ பெரிதாக நடப்பதுபோலத் தோன்றும் அந்த வெள்ளைப் புகையில் நீராவியும் பெருந்துகளும்தான் மிகுதி. நல்ல புகையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அதனால் அவை நீல ஒளியைச் சிதறடித்து, இருண்ட பின்னணியில் மட்டும் தெரியும் மெல்லிய நீலமாக நிற்கும். நான்கு மணி நேரம் வேகும் கறிக்குச் சிராயைக்கொண்டு புகையிடுபவர், கால்மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு பிடி போடவேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு இறங்குகிறது, புதுக்காற்று நுழைகிறது, போட்ட சிராயும் அந்தக் காற்றிலேயே தீப்பிடிக்கிறது. அலுமினியத் தாளில் பொதிந்து இரண்டு மூன்று துளை மட்டும் இட்டு வைத்தால் காற்றுக் குறைந்து சற்று நேரம் கூடும் என்பது உண்மை. அந்தப் பொதி ஏறத்தாழ ஒரு துண்டைப்போல நடந்துகொள்ளும். அப்படியானால் துண்டையே போட்டுவிடலாமே என்பது என் கேள்வி.

துண்டு என்பது ஐந்திலிருந்து எட்டு செ.மீ. வரை பக்கமுள்ளது. கங்கின் மேல் வைத்ததும் அதன் வெளித்தோல் கரியாகிறது. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஆகவே உள்ளே இருக்கும் மரத்துக்குச் சூடு அடுக்கடுக்காகத்தான் போய்ச் சேர்கிறது, புகையும் அதே நிதானத்தில் வருகிறது. ஐந்து செ.மீ. கருவைத் துண்டு ஒன்று, அடுப்பின் காற்றைப் பொறுத்து, அரைமணி முதல் முக்கால் மணி வரை நிற்கும், எட்டு செ.மீ. துண்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். உருண்டை அடுப்புக்கும் டிரம்முக்கும் துண்டே சிறந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அமெரிக்கக் குறிப்புகளின் கைமுட்டி அளவை மட்டும் நான் குறைத்துக்கொள்வேன். கைமுட்டி அளவுக் கருவைத் துண்டு ஒன்று மட்டுமே 250 கிராமை நெருங்கும். நம் வீட்டில் வேகும் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோக் கறிக்கு, அதை நிறுத்திக்கொள்ளவும் முடியாது, பாதியில் எடுக்கவும் முடியாது. ஐந்து செ.மீ. பக்கமுள்ள துண்டு ஏறத்தாழ 100 கிராம். நூறு நூறாகக் கூட்டவும் குறைக்கவும் அது வசதி.

சிராய் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. நாட்டுக்கோழியை முழுக்கப் புகையிலேயே வேகவைத்தால் சதை இறுகிப் போகும். அதற்கு ஈரச்சூடு வேண்டும். அரைமணி நேரம் மட்டும் புகைகாட்டி, பிறகு கோழியை வெட்டிக் குழம்பில் கொதிக்கவிடுவது எவ்வளவோ மேல். இப்படிக் குறுகிய நேரத்தில் வேலை முடியவேண்டிய இடத்தில், முக்கால் மணி எரியும் துண்டைவிட இரண்டு கைப்பிடிக் கொய்யாச் சிராய் பொருத்தமாக இருக்கிறது. உவரிக் கடற்கரையிலிருந்து வரும் மீனுக்கும் இதுவே பொருந்தும். மீன் மென்சதை, புகையை விரைந்து ஏற்கும், விரைந்து கெடவும் செய்யும்.

மரத்தூளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதைத் தட்டில் குவித்து ஒரு முனையில் பற்றவைத்து ஊரவிடுவது குளிர்புகைக்கான முறை. நம் ஊர் வெயிலில் 30 டிகிரிக்குக் கீழே கறியை மணிக்கணக்கில் வைத்திருக்க முடியாது, வைப்பது ஆபத்தும்கூட. தவிரவும், அறுவை மில்லில் கிடைக்கும் தூள் எந்த மரத்துடையது, அதில் எந்திர எண்ணெய் எவ்வளவு கலந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நனைத்துப் போடவேண்டும் என்ற வழக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கடினமான மரத்துண்டை இரவெல்லாம் ஊறவைத்தாலும் நீர் மேல்தோலைத் தாண்டி அதிகம் போகாது. அந்த நீர் ஆவியாகும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்டாது, புகையும் வராது. அதுவரை வெளிவரும் வெள்ளை ஆவியைப் புகை என்று எண்ணிக்கொள்வதோடு தணலும் தணிந்துபோகும். உலர்ந்த துண்டைப் போட்டு, காற்றுத் துளையைக்கொண்டு கட்டுப்படுத்துவதே நேர்வழி.

கட்டை

ஒரு முழ நீளம், மணிக்கட்டுக் கனம் உள்ள பிளந்த விறகு பக்க அடுப்புக்கு உரியது. அங்கே அது தெளிவான சுவாலையோடு எரியவேண்டும். அமுங்கிப் புகையக் கூடாது. சுவாலை புகையின் கனமான பகுதியை எரித்துத் தீர்த்து, மெல்லிய பகுதியை மட்டும் கறிப்பெட்டிக்குள் அனுப்பும். இப்படிக் கிடைக்கும் சுவை துண்டும் கரியும் சேர்ந்து தருவதைவிட மென்மையானது, ஆழமானது. இதில் கட்டையை வெல்ல வேறில்லை. விலையோ பெரிது. முக்கால் மணிக்கு ஒரு கட்டை, போடும் முன் அதை நெருப்பறை மேல் வைத்துச் சூடேற்றுவது, தணல் படுக்கை மெலியாமல் பார்ப்பது என்று ஒருவர் நாள் முழுதும் அடுப்போடு கட்டுண்டு கிடக்கவேண்டும். கோயில் கொடைக்குக் கிடா வெட்டி ஊரே கூடியிருக்கும் நாளில், நெருப்பைப் பார்க்க ஆள் மாற ஆள் இருப்பார்கள். அப்போது பக்க அடுப்பும் பிளந்த விறகும் பொருத்தம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தொடையை வேகவைக்க அது வேண்டாத சுமை.

கட்டையை டிரம்முக்குள் கரிமேல் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. டிரம் காற்றைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு; குறைந்த காற்றில் பெரிய கட்டை சுவாலை விடாது, அமுங்கிப் புகையும். பருமனும் அடுப்பும் ஒன்றுக்கொன்று பகையாகும் சேர்க்கை அது.

எண்ணிக்கையை விட்டு எடைக்கு

துண்டுகளை எண்ணிப் போடுவதைவிட நிறுத்துப் போடுவது நல்லது என்பதற்குக் காரணம், மரத்துக்கு மரம் அடர்த்தி மாறுவதுதான். அதே பருமனில் மா இலேசு, கருவை கனம், புளி இன்னும் கனம். விறகுக்கடையில் வைரம் பாய்ந்த கட்டையாகப் பொறுக்கி ஐந்து கிலோ மட்டும் கேட்டபோது, கடைக்காரர், “அண்ணாச்சி, இத்தனக்காணு விறகுல என்னத்த வேகவைக்கப் போறீய?” என்று சிரித்தார். அந்த ஐந்து கிலோ, கரியோடு சேர்த்துப் பயன்படுத்துபவருக்கு, மாதக்கணக்கில் வரும்.

தோலுரித்த பிராய்லர் கோழி ஒன்று, ஒன்றேகால் கிலோ எனில், கருவை 100 கிராமுக்கு மேல் வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் தோலோடு கேட்டு வாங்கினால் ஒழியத் தோலுரித்தே தருவார்கள். தோல் இல்லாத சதைமேல் புகை நேரடியாகப் படிகிறது, ஆகவே தோலுள்ள கோழிக்கு எழுதிய அளவு இதற்கு மிகையாகும். தொடையின் உட்புறம் 74 டிகிரி தொட்டதும் எடுத்துவிடவேண்டும். இரண்டு கிலோ வெள்ளாட்டுத் தொடைக்கு 200 கிராமில் தொடங்கலாம். அதை 63 டிகிரியில் எடுத்துச் சீவிப் பரிமாறுவதானால் அதுவே போதும், 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் உதிர்த்துப் பரிமாறுவதானால் இன்னொரு 100 கிராம் சேர்க்கலாம். வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு. கொழுப்பு மிகுந்த கறி புகையின் காரத்தைத் தாங்கி நிற்கும்; மெலிந்த கறியில் அது நேராக நாக்கில் அறையும். மேலப்பாளையத்தில் வாங்கிய நான்கு கிலோ மாட்டு நெஞ்சுக்கறி இதற்கு நேர்மாறு; எட்டு மணி நேரத்துக்கு மேல் வேகும், கொழுப்பும் உண்டு; 400 முதல் 500 கிராம் வரை தாங்கும். இவை கருவைக்கான என் அளவுகள். கொய்யாவுக்கும் மாவுக்கும் ஒன்றரை மடங்கு வரை போகலாம்.

மொத்த விறகையும் எப்போது கொடுப்பது என்பதில் இரு கட்சிகள் உண்டு. குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் புகை எளிதில் ஒட்டும் என்பதால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியை நேரே அடுப்பில் வைத்து, முதல் பாதியிலேயே விறகு முழுவதையும் தீர்த்துவிடவேண்டும் என்பது ஒரு கட்சி. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறப் புரதமான மயோகுளோபினோடு சேர்ந்து உண்டாக்கும் செந்நிற வளையம், கறி ஏறத்தாழ 60 டிகிரியை அடைந்தபின் வளராது என்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். வளையம் நிறம் மட்டுமே, சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லிவிட்டாலும், அவர்களுடைய நடைமுறை சரிதான். கறி புகையை ஏற்பது 60 டிகிரியில் நின்றுவிடும் என்று நீட்டிச் சொல்வதுதான் தவறு. மேல்தோல் உலர்ந்தபின் ஒட்டுவது குறையும். ஆனால் புகை இருக்கும் வரை அது படியும், ஆகவே கடைசி மணியில் போட்ட கெட்ட புகையும் கறியைக் கெடுக்கும்.

இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும் என்பது மறு கட்சி. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் வழி, பற்றாத கரியை வட்டமாகவோ குவியலாகவோ அடுக்கி, அதன் முதல் பாதியில் இடைவெளி விட்டுத் துண்டுகளைப் புதைத்துவிட்டு, ஒரு முனையில் மட்டும் சில கங்குகளை வைப்பது. நெருப்பு ஊர்ந்து போகும்போது தன் முறை வந்த துண்டு புகையும். மூடியைத் திறக்கவேண்டிய தேவையே இராது. நூறு கிராம் துண்டுகளின் அருமை இந்த அடுக்கில்தான் தெரியும். பெரிய துண்டானால் ஒன்று தீரும் முன் அடுத்தது பற்றிக்கொண்டு இரண்டு புகையும் ஒன்றாகிவிடும்.

அளவைக் குறைத்துப் பிடிப்பதற்கு நாக்கைத் தவிர உடல்நலமும் ஒரு காரணம். புகையில் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டு. அவற்றில் பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் புகையிட்ட கறியில் அதற்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சூடான தணலில் கொழுப்புச் சொட்டி எழும் புகையிலும், கரித்துகள் மிகுந்த கரும்புகையிலும் இவை கூடுகின்றன. கறிக்கு அடியில் ஒரு தட்டு வைப்பதும், வேண்டிய அளவுக்கு மேல் விறகு போடாதிருப்பதும் எவரும் செய்யக்கூடியவை.

மரமும் கரியும்

சீமைக்கருவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. டெக்சாஸ்காரர்கள் கறி சுடப் பயன்படுத்தும் மெஸ்கீட் அதன் நெருங்கிய உறவு. அவர்களே அதை நேரம் குறைந்த சுடுதலுக்கு வைத்துக்கொண்டு, நீண்ட புகைக்குப் பெரும்பாலும் ஓக்கைத் தேடுகிறார்கள் என்பது நமக்கு ஒரு குறிப்பு. கருவையின் புகை காரமானது. கொஞ்சமாக இருந்தால் ஆட்டுக்கறியோடு மிக நன்றாகச் சேரும். பட்டையைச் செதுக்கி எறிந்துவிடவேண்டும். அதன் வெடிப்புகளில் மண்ணும் பூச்சியும் இருக்கும், எரியும்போது கரும்புகையாகவும் வரும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு விரைவில் உளுத்துப்போகும். உளுத்த கட்டையின் புகையில் பூஞ்சை வாடை அடிக்கும். வைரத்தை மட்டும் துண்டாக்குவது நல்லது. உடைமரம் கிடைத்தால் அதையும் கருவையைப் போலவே நடத்தலாம். கொய்யா கோழிக்கு, மா எதற்கும், புளி மாட்டுக்கு என்பது என் தேர்வு. சவுக்கு சூட்டுக்கு நல்லது, மணத்துக்குச் சுமார். வேம்பின் புகை கசப்பு. அரளியும் எட்டியும் நஞ்சு; அவற்றின் பக்கமே போகக் கூடாது. முந்திரியின் பாலும் கொட்டை எண்ணெயும் தோலைப் புண்ணாக்குபவை என்பதால் அந்தக் கட்டையையும் கறியருகே நான் கொண்டுவருவதில்லை.

கரியைக் கணக்கில் சேர்க்காமல் விறகை நிறுப்பவர்கள் ஏராளம். விளாத்திகுளம் பக்கத்துக் கரி மூட்டங்களிலிருந்து, அதாவது விறகை மூடி எரித்துக் கரியாக்கும் குவியல்களிலிருந்து, வரும் கருவைக் கரியில், முழுதாகக் கரியாகாத பழுப்பு நெஞ்சுள்ள துண்டுகள் கலந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் தெரியும். அவை விறகுதான், புகையும். பற்றாத கரியைக் குவித்து ஊரவிடும் அடுக்கில் இந்தத் துண்டுகள் நாம் போட்ட துண்டுகளோடு போட்டிபோடும். ஆகவே மூட்டக் கரியானால் விறகைக் காற்பங்கு குறைப்பேன், அல்லது பழுப்புத் துண்டுகளைப் பொறுக்கி அவற்றையே விறகாக நிறுத்துக்கொள்வேன். நன்கு எரித்தெடுத்த சிரட்டைக் கரியில் இந்தத் தொல்லை இல்லை. அது புகையில்லாமல் மிகுந்த சூட்டோடு எரியும், போட்ட விறகின் சுவை மட்டும் கறியில் நிற்கும். சூடு மிகுதி என்பதால் அதன்மேல் நேராக வைத்த துண்டு சுவாலையாகிவிடும். ஓரத்தில் சாய்த்து வைக்கவேண்டும், அல்லது துண்டைச் சற்றுப் பெரிதாக, ஆறு ஏழு செ.மீ. வரை, எடுத்துக்கொள்ளவேண்டும்.

காற்றும் ஈரமும்

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தைப் பிய்த்து எடுக்கும். காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்று டிரம்மின் அடித்துளையில் நுழைந்தால், சிராய் நொடியில் தீப்பிடிக்கும், ஐந்து செ.மீ. துண்டும் பொறுக்காது. அந்த மாதங்களில் துளையைக் காற்றுக்கு முதுகுகாட்டித் திருப்பி வைப்பதோடு, துண்டின் பருமனை ஏழு செ.மீ. ஆக்கி எண்ணிக்கையைக் குறைப்பது பலன் தரும். அதே மாதங்களில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். அங்கே சிக்கல் ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த ஈரம் சீமை முழுவதற்கும் வந்துவிடும். ஈர விறகு சூட்டைத் தின்று வெள்ளைப் புகை விடும் என்பதால், மழைக்காலத்துக்கு வேண்டியதைச் சித்திரை வைகாசியிலேயே துண்டாக்கிக் காற்றோட்டமான சாக்கிலோ வலைப்பையிலோ கட்டித் தொங்கவிடவேண்டும். பெரிய கட்டையாக வைத்திருந்து பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பவர்கள், கட்டையின் நடுப்பகுதி காய எத்தனை மாதம் ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கேயும் துண்டுக்கே வெற்றி.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாகத் தட்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரே துண்டை வாரம் ஒருமுறை நிறுக்கவேண்டும். எடை இறங்குவது நின்றால் அது தயார். எரிப்பதற்கு 15 முதல் 20 சதவீத ஈரம் நல்லது என்பது பொதுவான அளவு. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த துண்டு அதற்கும் கீழே போய்ச் சட்டெனத் தீப்பிடிக்கும். அதை நிழலுக்கு மாற்றி வைப்பது போதுமான மருந்து.

வேலை முடிந்து காற்றுத் துளைகளை அடைத்தபின், பாதி எரிந்த துண்டுகள் மறுநாள் கரியோடு கிடக்கும். அவற்றைத் திரும்பப் பயன்படுத்தலாம், வீணில்லை. ஆனால் மணம் தரும் வாயுக்கள் பெரும்பாலும் போய்விட்டதால், அடுத்த முறை நிறுக்கும்போது அவற்றைக் கரிக் கணக்கில் சேர்க்கவேண்டும், விறகுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.